தங்க மீனுக்கு எத்தனை முறை தொட வேண்டும்?

பூங்காவின் சிமென்ட் பெஞ்சில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர், தெருவில் நடந்து உயிரினங்களைப் பிடிக்கும் போகிமான் கோ என்ற செல்பேசி விளையாட்டின் வரைபடத்தில் தங்கள் முன் துள்ளிக்கொண்டிருக்கும் ஒரே மேஜிகார்ப் மீனை ஒரே நேரத்தில் தொடுகிறார்கள். ஒருவர் திரையில் வழக்கமான செம்மஞ்சள் நிற மீன் வந்து நிற்கிறது. மற்றவர் திரையில் நட்சத்திரங்கள் சிதறி, கிணுங்கென்ற சிறு ஒலியுடன் பொன்னிற மீன் தோன்றுகிறது. இடமும் நேரமும் மீனும் ஒன்றுதான். நிறம் மட்டும் வேறு. ஆட்டக்காரர்கள் ஷைனி என்று அழைக்கும் இந்த அரிய நிற வகையைப் பற்றி நிலவும் குழப்பங்களில் பெரும்பாலானவை, இந்தக் காட்சியைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வருபவை.

வரைபடத்தில் தெரியும் உயிரினத்துக்கு நிறம் இன்னும் முடிவாகவில்லை என்று வைத்துக்கொள்வதே எளிது. எந்த இனம், எந்த இடம், எவ்வளவு நேரம் இருக்கும் என்பவை எல்லோருக்கும் பொதுவானவை. அது ஷைனியா இல்லையா என்பது மட்டும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் போடப்படும் சீட்டு. அதனால்தான் வரைபடத்தில் எந்த ஷைனியும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தொட்டு உள்ளே போனால்தான் தெரியும். ஒரு முறை உங்களுக்கென்று விழுந்த சீட்டு மாறுவதும் இல்லை. சாதாரண நிறத்தில் வந்த ஒன்றை விட்டு வெளியேறி, மீண்டும் பத்து முறை தொட்டாலும் அதே சாதாரண நிறம்தான் வரும். மாறாக, ஷைனி வந்த நேரத்தில் செயலி உறைந்து நின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. திரும்ப வந்து அதே இடத்தில் அதே உயிரினத்தைத் தொட்டால், அதன் நேரம் முடிந்திராதவரை, அது ஷைனியாகவே காத்திருக்கும்.

இதிலிருந்து உடனடியாகக் கிடைக்கும் பயனுள்ள முடிவு ஒன்று உண்டு. "இந்த இடத்தில் ஷைனி இருக்கிறது, ஓடி வாருங்கள்" என்று யாராவது இடக்குறியீட்டைப் பகிர்ந்தால் அதனால் மற்றவர்களுக்குப் பயன் எதுவுமில்லை. வலிமையைத் தீர்மானிக்கும் மறைவான எண்களான உள்மதிப்புகள் முழுமையாக உள்ள, ஆட்டக்காரர்கள் ஹண்டோ என்று சொல்லும் உயிரினத்தைத் தேடுபவருக்கு இடக்குறியீடு உதவக்கூடும். ஷைனிக்கு உதவாது. செல்பேசியின் இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டி நாடு நாடாகத் தாவுபவர்களுக்கும், அடுத்த தெருவரை நடப்பவருக்கும், ஒரு தொடுதலுக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றேதான். ஏமாற்றுபவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது தொடுதல்களின் எண்ணிக்கை மட்டுமே.

இந்த வழக்கம் செல்பேசி காலத்துக்கு மிகவும் முந்தையது. 1999 நவம்பரில் ஜப்பானில் வெளியான போகிமான் கோல்ட், சில்வர் ஆட்டங்களில்தான் ஷைனிகள் முதன்முதலில் வந்தன. அதற்கு முந்தைய ஆட்டங்கள் நிறமற்ற கேம் பாய் கருவிக்கு எழுதப்பட்டவை. வண்ணத் திரை கொண்ட கேம் பாய் கலர் வந்தபின், ஒவ்வொரு உயிரினத்துக்கும் வழக்கமான நிறத் தொகுப்பு ஒன்றும் மாற்று நிறத் தொகுப்பு ஒன்றும் கொடுக்க முடிந்தது. அதைச் செயல்படுத்திய விதம் சாமர்த்தியமானது. ஷைனி என்பதற்கென்று தனியாக ஒரு குறிப்பைச் சேமிக்காமல், தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்புத்திறன் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே இருந்த 0 முதல் 15 வரையிலான உள்மதிப்புகளையே நிறத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். தற்காப்பு, வேகம், சிறப்புத்திறன் மூன்றும் சரியாக 10 ஆக இருந்து, தாக்குதல் குறிப்பிட்ட எட்டு எண்களில் ஒன்றாகவும் இருந்தால் அந்த உயிரினம் ஷைனி. பதினாறில் ஒன்று, மூன்று முறை; பிறகு இரண்டில் ஒன்று. பெருக்கினால் 8192இல் ஒன்று வரும். பழைய ஆட்டக்காரர்கள் மந்திரம்போல் உச்சரிக்கும் அந்த எண், யாரோ உட்கார்ந்து "இவ்வளவு அரிதாக இருக்கட்டும்" என்று தீர்மானித்ததைவிட, இந்தப் பெருக்கலில் பிறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னர் வந்த ஆட்டங்களில் கணக்கிடும் முறை மாறியும் அதே 8192 நீடித்தது. 2013இல் வெளியான எக்ஸ், வை ஆட்டங்களில்தான் அது 4096 ஆகக் குறைந்தது.

கோல்ட், சில்வர் ஆட்டங்களில் அதிர்ஷ்டமே இல்லாதவருக்கும் ஒரு ஷைனி உறுதியாகக் கிடைத்தது: கோபத்தின் ஏரி என்று பொருள்படும் பெயர் கொண்ட ஏரியில் சீறிக்கொண்டிருந்த சிவப்பு கியாராடோஸ். கதையின் வில்லன் கூட்டமான ராக்கெட் கும்பல் அனுப்பிய வானொலி அலைகளால் மேஜிகார்ப் மீன்கள் வலுக்கட்டாயமாக உருமாற்றப்பட்டன என்பது கதை. நீல நிறமாக இருக்க வேண்டிய கடற்பாம்பு, மீனின் சிவப்பு மாறாமலே வளர்ந்து நிற்கிறது. அந்த நினைவை அறிந்தே செய்தார்கள் போலும்: போகிமான் கோ 2016 ஜூலையில் தொடங்கிய பின், 2017 மார்ச்சில் நடந்த நீர்த் திருவிழாவின்போது அதில் முதன்முதலாக வந்த ஷைனிகள் பொன்னிற மேஜிகார்ப்பும் சிவப்பு கியாராடோஸும்தான். ஏரியில் இருந்ததுபோல் சிவப்பு கியாராடோஸ் அப்போது நேரடியாக எங்கும் நிற்கவில்லை. பொன்னிற மீன் ஒன்றைப் பிடித்து, மீன்களைப் பிடிக்கும்போது கிடைக்கும் மேஜிகார்ப் கேண்டிகள் 400ஐச் சேர்த்து, அதை உருமாற்றியாக வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு பொன்மீன் என்றால், மீனாகவே வைத்துக்கொள்வதா, சிவப்புப் பாம்பாக்குவதா என்று பலர் வாரக்கணக்கில் தடுமாறினார்கள். உருமாற்றினால் நிறம் கூடவே செல்லும்; ஆனால் மீன் திரும்ப வராது.

இப்போது எண்களுக்கு வருவோம். சாதாரண நாளில், சாதாரண உயிரினத்தைத் தொட்டால் ஷைனி கிடைக்க என்ன வாய்ப்பு என்பதை விளையாட்டு திரையில் எங்கும் சொல்வதில்லை. நிகழ்ச்சி அறிவிப்புகளில் "வாய்ப்பு அதிகரிக்கப்பட்டுள்ளது" என்று மட்டும் வரும். எண்ணைக் கண்டுபிடித்தவர்கள் ஆட்டக்காரர்களே. 2023இல் செயல்பாட்டை நிறுத்திக்கொண்ட தி சில்ஃப் ரோடு என்ற குழுவின் ஆய்வுப் பிரிவில், தன்னார்வலர்கள் தொட்ட ஒவ்வொன்றையும், ஷைனியாக இல்லாதவற்றையும் சேர்த்து, பொறுமையாகக் குறித்து வந்தார்கள். அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். கிடைத்ததை மட்டும் படம் பிடித்துப் பகிர்பவர்களின் கணக்கிலிருந்து எந்த விகிதத்தையும் பெற முடியாது. கிடைக்காதவற்றையும் எண்ணியவர்களால்தான், அடிப்படை வாய்ப்பு ஏறக்குறைய 500இல் ஒன்று என்று சொல்ல முடிந்தது. ஆட்டக்காரர்கள் இதை ஃபுல் ஆட்ஸ் என்கிறார்கள். அரிதாகவே தோன்றும் சில இனங்களுக்கும், ராக்கெட் கும்பலின் தலைவர்களைத் தோற்கடித்தபின் பிடிப்பவற்றுக்கும் ஏறத்தாழ 64இல் ஒன்று. வலிமை மிகுந்த லெஜண்டரி உயிரினங்களைப் பலர் சேர்ந்து எதிர்த்துப் போராடும் லெஜண்டரி ரெய்டுகளில் 20இல் ஒன்று. மாதந்தோறும் வரும் கம்யூனிட்டி டே நாளில், அன்றைய சிறப்பு உயிரினத்துக்கு ஏறத்தாழ 25இல் ஒன்று.

500இல் ஒன்று என்றால் 500 முறை தொட்டால் ஒன்று கிடைத்துவிடும் என்று பொருளில்லை. இந்தத் தவறான புரிதலால் மனம் நொந்தவர்கள் ஏராளம். ஒவ்வொரு தொடுதலும் புதிதாகப் போடப்படும் சீட்டு; முந்தைய 499 ஏமாற்றங்களை அது நினைவில் வைத்திருப்பதில்லை. கணக்குப் போட்டால், 500 முறை தொட்ட நூறு பேரில் சுமார் 63 பேருக்குக் குறைந்தது ஒரு ஷைனியாவது கிடைத்திருக்கும். 37 பேர் வெறுங்கையுடன் நிற்பார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் சுமார் 346 தொடுதல்கள் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு வேண்டுமானால் 1150 ஆகிறது; தொண்ணூற்றொன்பது வேண்டுமானால் 2300. "இவ்வளவு தொட்டாயிற்று, இனி வந்துதான் ஆக வேண்டும்" என்ற எண்ணம், சூதாட்டப் பலகையின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு வரும் அதே எண்ணம்தான். சில நிறுவனங்களின் ஆட்டங்களில் குறிப்பிட்ட முறை தோற்றால் அடுத்தது உறுதி என்ற ஏற்பாடு உண்டு. இங்கே வரைபடத்தில் தானாகத் தோன்றும் ஷைனிகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கம்யூனிட்டி டேயைப் பார்த்தால் அது வேறு விளையாட்டாகவே தெரியும். இதன் முதல் நாள் 2018 ஜனவரியில் பிகாச்சுவுடன் நடந்தது. அடுத்த மாதம் டிராடினி. தற்போது இது உள்ளூர் நேரப்படி பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடக்கிறது. சித்திரை வெயிலில் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர் நம் ஊரில் ஒரு நாளும் நடந்திருக்கமாட்டார். அந்த மூன்று மணி நேரத்தில் அன்றைய உயிரினம் காலடியெங்கும் மொய்க்கிறது. 25இல் ஒன்று என்ற விகிதத்தில் 50 முறை தொட்டவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போக 13 விழுக்காடு வாய்ப்பு. 75 முறை தொட்டவருக்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 100 முறை தொட்டவருக்கு 2 விழுக்காடுகூட இல்லை. நின்று ஒவ்வொன்றையும் பிடிக்காமல், தொட்டு, நிறம் பார்த்து, உடனே வெளியேறி அடுத்ததைத் தொடுவதை ஷைனி செக் என்பார்கள். அப்படிச் செய்பவர் நூறைத் தாண்டுவது கடினமில்லை.

விளைவு என்னவென்றால், கம்யூனிட்டி டே கண்ட உயிரினத்தின் ஷைனிக்கு அரியது என்ற பெயர் இருக்கலாமே தவிர, அருமை இல்லை. இளஞ்சிவப்பு டிராடினியும், அது உருமாறி வரும் பச்சை டிராகனைட்டும் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், பல ஆண்டுகளாக ஆடுபவர்களின் பெட்டியில் அவை அரை டஜனுக்குக் குறையாமல் கிடக்கும். தவறவிட்டவர்களுக்காக டிசம்பரில் ஒரு மீள்வாய்ப்பும் வருகிறது. எந்தச் சிறப்பு நாளும் அமையாத, எங்கும் மலிந்து கிடக்கும் ஒரு சாதாரணப் பறவையோ புழுவோ 500இல் ஒன்றாக நிறம் மாறி வந்தால், என் கணக்கில் அதுவே உண்மையான அரிய பிடி. அதைப் பிறருக்குக் காட்டினால் பெரும்பாலும் "இதுவா?" என்றுதான் கேட்பார்கள்.

இயற்கையில் அரிய நிறத்துக்கு வம்சம் காரணமாக இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் நாம் பார்க்கும் வெள்ளைப் புலியின் நிறம், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த ஒடுங்கு மரபணுவால் ஏற்படுவது. இரண்டு வெள்ளைப் புலிகள் இணைந்தால் குட்டிகளும் வெள்ளையாகவே பிறக்கும். போகிமான் கோ ஆட்டத்தில் அப்படித் தேடிச் செல்லும் வம்சமோ, காத்திருந்து பிடிக்கும் வாழிடமோ இல்லை. சர்வரில் ஓர் எண்ணை மாற்றினால் நேற்றுவரை அரிதாக இருந்தது இன்று தெருவெங்கும் கிடக்கும். ஆகவே இங்கே அருமை என்பது ஒரு கால அட்டவணை. எப்போது, எந்த உயிரினத்துக்கு, எத்தனை மணி நேரம் கதவு திறக்கப்படும் என்பதைப் படிக்கத் தெரிந்தவரே நல்ல வேட்டைக்காரர்.

அட்டவணையோடு பணமும் சேரும் இடம் ரெய்டு. லெஜண்டரி ரெய்டில் வாய்ப்பு 20இல் ஒன்று என்பது தாராளமாகத் தோன்றும். ஆனால் இங்கே ஒவ்வொரு சந்திப்புக்கும் நுழைவுச்சீட்டு வேண்டும். நேரில் சென்று ஆடுவதற்கு நாளொன்றுக்கு ஒரு பாஸ் இலவசம். அதற்கு மேல் ஒன்றுக்கு 100 விளையாட்டு நாணயம். வீட்டிலிருந்தபடியே தொலைவிலுள்ள ரெய்டில் சேர்வதற்கான பாஸ் 2023 ஏப்ரல் வரை 100 நாணயமாக இருந்து, பின்பு 195 ஆக உயர்ந்தது. ஒரு லெஜண்டரி ஒரு வாரம் மட்டும் இருந்து மறைகிறது என்று கொள்வோம். இலவசப் பாஸை நாள் தவறாமல் பயன்படுத்தினால் ஏழு ரெய்டுகள். ஷைனி கிடைக்க 30 விழுக்காடு வாய்ப்பு. இருபது ரெய்டுகள் ஆடினாலும் நூறு பேரில் 36 பேருக்குக் கிடைக்காது. அந்த இருபதையும் தொலைவிலிருந்தே ஆடினால் 3900 நாணயம் செலவு. வரைபடத்தில் ஜிம் என்று குறிக்கப்பட்ட களத்தில் உயிரினத்தை நிறுத்திக் காவல் காத்து ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50 நாணயம் சம்பாதிக்கலாம். அந்த வழியில் 3900 சேர்க்க 78 நாட்கள் ஆகும். லெஜண்டரியோ ஒரு வாரத்தில் போய்விடும். இடைவெளியை நிரப்புவது பணப்பை. நிறுவனம் ஷைனியை நேரடியாக விற்பதில்லை என்பது உண்மைதான். அது விற்பது தொடுதல்களை. ஒரே ஆறுதல், ரெய்டில் வரும் லெஜண்டரி ஷைனி தப்பி ஓடாது. பந்து பட்டால் போதும், பிடிபட்டுவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அப்போது கேண்டியை இரட்டிப்பாக்கும் பினாப் பழத்தைக் கொடுத்துவிட்டு நிதானமாக எறிவார்கள்.

ஷைனியைப் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மழையில் வாய்ப்பு கூடும், இரவில் கூடும், புதிய கணக்கில் கூடும், தொட்டவுடன் எண்ணிக் காத்திருந்தால் கூடும் என்பன போன்ற எவற்றுக்கும் எண்ணிப் பார்த்த கணக்குகளில் ஆதாரமில்லை. அன்றைய வானிலைக்கேற்பச் சில உயிரினங்களுக்குக் கிடைக்கும் வானிலைச் சாதகம் அவற்றின் வலிமையைக் கூட்டுகிறதே தவிர நிறத்தைத் தொடுவதில்லை. லூர், இன்சென்ஸ் ஆகிய ஈர்ப்புப் பொருள்கள் தொடுவதற்கு அதிகமான உயிரினங்களைக் கொண்டுவருகின்றன. வாய்ப்பை அல்ல, எண்ணிக்கையைக் கூட்டுகின்றன. எண்ணிக்கையும் சிறிய விஷயமில்லை. வரைபடத்தில் குறிக்கப்பட்ட நிறுத்தங்களான போக்கிஸ்டாப்புகள் நெருங்கிக் கிடக்கும் நகர வீதியில் ஒரு மணி நேரத்தில் தொடக்கூடியதை, ஊருக்கு ஒரு போக்கிஸ்டாப் உள்ள கிராமத்தில் ஒரு வாரம் முழுவதும் அலைந்தாலும் தொட முடியாது. விகிதம் எல்லோருக்கும் சமம் என்பதால் வேட்டையும் எல்லோருக்கும் சமம் என்று ஆகிவிடாது.

நம்பிக்கைகளைவிட அதிகம் கவனிக்க வேண்டியது வேறொன்று: எல்லா இனங்களுக்கும் ஷைனி திறக்கப்படவில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாக, பெரும்பாலும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியை ஒட்டி, அது வெளியிடப்படுகிறது. புதிதாக அறிமுகமாகும் உயிரினங்கள் பல நேரங்களில் ஷைனி இல்லாமலே வருகின்றன. திறக்கப்படாத இனத்தை ஆயிரம் முறை தொட்டாலும் வாய்ப்பு பூச்சியம்தான். வேட்டையில் இறங்கும் முன் அந்த ஒன்றைச் சரிபார்க்காமல் மாதக்கணக்கில் நடந்தவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவன் நான்.

நிறத்தோடு முழு உள்மதிப்பும் சேர்ந்து வருவதை ஷுண்டோ என்பார்கள். அதன் கணக்கு, இந்த விளையாட்டில் எங்கே நேரத்தைச் செலவிடுவது என்பதைத் தெளிவாகக் காட்டும். வரைபடத்தில் தானாகத் தோன்றும் உயிரினத்தின் மூன்று உள்மதிப்புகளும் 0 முதல் 15 வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால் மூன்றும் 15 ஆக அமைவது 4096இல் ஒன்று. அதை 500ஆல் பெருக்கினால் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. கம்யூனிட்டி டேயில் அது ஒரு லட்சத்துச் சொச்சம். வானிலைச் சாதகம் இருந்தால் உள்மதிப்புகள் 4க்குக் கீழே இறங்குவதில்லை, ஆகவே அதே கம்யூனிட்டி டேயில் 43,200. ரெய்டில் 10க்குக் கீழே இறங்குவதில்லை; 216ஐ 20ஆல் பெருக்கி 4320. மழை ஷைனியைத் தரும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்: நிறத்தின் வாய்ப்பு மாறாவிட்டாலும், நிறத்தோடு முழுமையும் சேரும் வாய்ப்பு மழை நாளில் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது.

பிடித்தபின் மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு, ஆனால் அதிலும் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. நூறு மீட்டருக்குள் நிற்கும் நண்பரோடு ஷைனியைப் பரிமாறலாம். நிறம் மாறாது, உள்மதிப்புகள் மட்டும் புதிதாக அமையும். உங்களிடம் முன்பே இல்லாத ஷைனியை, பழக்கம் தொடங்கிய நிலையிலுள்ள நண்பரிடமிருந்து பெற விளையாட்டில் சேர்க்கும் ஸ்டார்டஸ்ட் என்ற துகள் 10 லட்சம் ஆகும். நாள் தவறாமல் பரிசு அனுப்பி, 90 நாட்கள் காத்து, பெஸ்ட் ஃப்ரெண்ட் எனும் நட்புப் படிக்கு வந்துவிட்டால் அதே பரிமாற்றம் 40,000த்தில் முடிந்துவிடும்.

தொடுதலை இயந்திரத்திடம் ஒப்படைப்பவர்களும் உண்டு. கோ பிளஸ் போன்ற சிறு கருவி, செல்பேசி சட்டைப்பையில் இருக்கும்போதே அருகில் வருவதன் மீது பந்து எறிகிறது. அது எறிவது ஒரே பந்து. தவறினால் உயிரினம் மறைந்துவிடும். மறைந்தது ஷைனியா என்பதை அது சொல்லாது. அப்படி எத்தனை பொன்மீன்கள் பேருந்துப் பயணங்களில் கைநழுவின என்பதற்குக் கணக்கே இல்லை. எதிர்மாறாகவும் நடக்கும். ஓர் இரவு இடம் போதாமல் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தபோது, அனுப்பிவிடலாம் என்று தேர்ந்தெடுத்த, கெங்கர் என்ற உயிரினங்களில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் அந்த மூன்று நட்சத்திரக் குறி தெரிந்தது. ஷைனி கெங்கருக்கும் சாதாரண கெங்கருக்கும் நிற வேறுபாடு இல்லையென்றே சொல்லிவிடலாம். மெகா எனும் தற்காலிக வடிவம் எடுக்கும்போதுதான் அது வெள்ளையாகிறது. இரண்டையும் மாற்றி மாற்றித் திறந்து, விளக்கைப் போட்டு, திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வெகுநேரம் பார்த்தேன். நட்சத்திரக் குறியை விரலால் மறைத்தால் எது எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.